செயற்கைச் சிறுநீரகமும் பயணமும்: ஒரு வரலாற்று நோக்கு

பயணங்களைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் நிறையவே எழுதியுள்ளனர். சீனத் துறவியான பாகியன் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்திலே தங்கிச் சென்றமையும், 1344 ஆம் ஆண்டில் இபின் பதூதா ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தினனாகிச் சிவனொளிபாதமலைக்குச் சென்றமையும் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்திகளாகும். வணிகன், யாத்திரிகன், படையெடுத்து வந்தவன், ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன் ஆகியோரே நமது வரலாற்று நூல்களிலே வழிநடந்து செல்கின்றனர். நோயாளியின் பயணத்தை எழுதியவர் மிகச் சிலரே.

சிறுநீரகங்கள் செயலிழந்தபின் இயந்திரமொன்றின் துணையால் உயிர்வாழும் மனிதன் எவ்வளவு தூரம் செல்லலாம்? இவ்வினா மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. செயற்கைச் சிறுநீரகத்தின் வரலாறு உயிர்காத்த வரலாறாகவே வழக்கமாகக் கூறப்படுகிறது. அதனைத் தூரத்தின் வரலாறாகவும் கூறமுடியும் என்பதையும், நமது நாட்டைப் பொறுத்தவரை அவ்வாறு கூறுவதே பொருத்தமுடையது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் கயிறும்

நலமுள்ள சிறுநீரகங்கள் இரவும் பகலும் ஓயாது குருதியைத் தூய்மை செய்கின்றன. அவை செயலிழந்தால், அப்பணியை இயந்திரம் ஏறத்தாழ நான்கு மணித்தியாலத்திற்குள் செய்து முடிக்கவேண்டியுள்ளது. இதனையே நூல்கள் குருதிச் சுத்திகரிப்பு என்றும், மக்கள் டயலிசிஸ் என்றும் வழங்குவர். இயந்திரத்தை விட்டு எழுந்த கணத்திலிருந்தே கழிவும் நீரும் உடலில் மீண்டும் சேரத் தொடங்குகின்றன. ஆகவே இரண்டு அல்லது மூன்று நாட்களுள் நோயாளி இயந்திரத்திடம் திரும்பியே ஆகவேண்டும். வாரத்திற்கு மூன்று முறை என்பது பொதுவான நியதி. வசதி குறைந்த இடங்களில் இரண்டு முறையோடு நிறைவுகொள்வோர் பலர்.

முளையில் கட்டிய பசு மேயும் வட்டத்தைக் கயிற்றின் நீளமே தீர்மானிக்கிறது. இந்நோயாளியின் கயிறு காலத்தாலானது. இயந்திரத்தையே உடன்கொண்டு செல்லலாமே எனின், அதற்கும் தடையுண்டு. ஒரு முறை சுத்திகரிப்பதற்கு ஏறத்தாழ 120 லீற்றர் தூய நீர் வேண்டும். அந்நீர் குடிநீரினும் பன்மடங்கு தூய்மையுடையதாக இருத்தல் வேண்டும். தடையற்ற மின்சாரமும் பயிற்சிபெற்ற தாதியும் வேண்டும். இயந்திரத்தைத் தூக்கிச் செல்லலாம். அதனை இயக்கும் இவ்வேற்பாடுகள் அனைத்தையும் தூக்கிச் செல்வது எளிதன்று.

ஒல்லாந்திலிருந்து சியாற்றில் வரை

மென்சவ்வொன்றின் ஊடாகக் கரைபொருள்களைப் பிரித்தெடுக்கும் முறைக்கு 1861 இல் டயலிசிஸ் எனப் பெயரிட்டவர் ஸ்கொத்லாந்து இரசாயனவியலாளரான தோமஸ் கிரஹாம் ஆவார். 1913 இல் அமெரிக்காவிலே ஜோன் ஏபெலும் அவருடைய துணைவரும் விலங்குகளில் இம்முறையைப் பரிசோதித்தனர். 1924 இல் ஜேர்மனியிலே ஜியோர்க் ஹாஸ் முதன்முதலாக மனிதனில் இதனைக் கையாண்டார். ஆயினும் நடைமுறைக்குப் பயன்பட்ட செயற்கைச் சிறுநீரகம் போர்க்காலத்திலேயே பிறந்தது. ஜேர்மன் படைகளின் பிடியிலிருந்த ஒல்லாந்தில், காம்பன் என்னும் சிற்றூர் வைத்தியசாலையில், 1943 ஆம் ஆண்டில் வில்லெம் கொல்ஃப் அதனை அமைத்தார். இறைச்சிப் பண்டங்களைப் பொதியும் செலொபேன் குழாயை மரச்சட்ட உருளையொன்றிற் சுற்றி, அதனூடாகக் குருதியை ஓடவிட்டார். முதலில் சிகிச்சை பெற்றோருள் ஏறக்குறைய அனைவரும் இறந்தனர். 1945 இல் 67 வயதுப் பெண்ணொருவர் பிழைத்தெழுந்தார். போர் முடிந்தபின் கொல்ஃப் தமது இயந்திரங்களை வேறு நாடுகளுக்கு இலவசமாகவே அனுப்பிவைத்தார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அக்காலத்தில் நோயாளியின் பயணம் பற்றிய வினா எழவில்லை. ஒவ்வொரு முறையும் குருதிக்குழாயைப் புதிதாக வெட்டித் திறக்கவேண்டியிருந்தமையால், சில நாட்களுள் தாமாகவே தேறக்கூடிய சிறுநீரகங்களை உடையோருக்கே இச்சிகிச்சை உதவிற்று. நிரந்தரமாகச் செயலிழந்தோர்க்கு வழியில்லை. 1960 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் இந்நிலையை மாற்றினார். கையிலுள்ள நாடியையும் நாளத்தையும் டெப்லோன் குழாயொன்றினால் இணைத்து, அதனை அகற்றாது அவ்விடத்திலேயே விட்டுவைத்தார். இம்முறையால் முதலிற் பயன்பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் என்னும் தொழிலாளி அதன்பின் பதினோராண்டு வாழ்ந்து 1971 இல் காலமானார். 1966 இல் சிமினோ, பிறேசியா முதலியோர் நாடியையும் நாளத்தையும் தோலின் அடியிலேயே நேரடியாக இணைக்கும் சத்திரசிகிச்சை முறையை வெளியிட்டனர். இன்றும் இந்நோயாளரின் முன்கையிற் காணப்படும் புடைப்பு அம்முறையின் விளைவே.

சாவு பின்தள்ளப்பட்ட அந்நாளிலேயே கயிறும் கட்டப்பட்டுவிட்டது. 1962 இல் சியாற்றிலில் தொடங்கிய நிலையத்தில் இயந்திரங்கள் மிகச்சில. ஆகவே எவரைச் சேர்ப்பது எனத் தீர்மானிக்க எழுவர் கொண்ட குழுவொன்று அமைக்கப்பட்டது. அக்குழுவின் அளவுகோல்களுள் வயது, குடும்பம், தொழில் ஆகியவற்றோடு வசிப்பிடமும் இடம்பெற்றது. அம்மாநிலத்திற்கு வெளியே வாழ்ந்தவன் எவ்வளவு தகுதியுடையவனாயினும் அவனுக்கு இடமில்லை. உயிரைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாகத் தூரம் முதன்முதலாக எழுத்திலே பதிவானது இங்கேதான் எனலாம்.

கயிற்றை நீட்டும் முயற்சிகள்

அதன்பின் வந்த இருபதாண்டுகளில் நிகழ்ந்த முன்னேற்றங்கள் பலவற்றைக் கயிற்றை நீட்டும் முயற்சிகளாகக் கொள்ளலாம். 1960 களின் நடுப்பகுதியில் இலண்டன், பொஸ்ரன், சியாற்றில் ஆகிய நகரங்களில் இயந்திரத்தை நோயாளியின் வீட்டிலேயே வைக்கும் முறை தொடங்கிற்று. 1973 அளவில், பயன்படுத்திய நீரையே தூய்மைசெய்து மீண்டும் பாவிக்கும் இயந்திரமொன்று சந்தைக்கு வந்தது. அதற்கு ஏறத்தாழ ஆறு லீற்றர் குழாய்நீரே போதுமாயிருந்தது. நியூயோர்க்கின் புரூக்ளினில் பணியாற்றிய ஈலை ஃபிரீட்மன் பயணப்பெட்டியில் அடங்கக்கூடிய செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார்.

இவற்றினும் எளியதொரு வழி 1976 இல் அமெரிக்கரான பொப்போவிச், மொன்கிறீவ் ஆகியோரின் சிந்தனையிற் பிறந்தது. வயிற்றறையின் உட்புறத்தே அமைந்த மென்சவ்வையே வடிகட்டியாகக் கொண்டு, நாளொன்றுக்கு நான்கு முறை ஏறத்தாழ இரண்டு லீற்றர் திரவத்தை உட்செலுத்தி வெளியேற்றுவதே அம்முறை. ரொறன்ரோவிலே ஓரியோபூலோஸ் அத்திரவத்தைக் கண்ணாடிப் போத்தல்களிலிருந்து மென்மையான பிளாத்திக்குப் பைகளுக்கு மாற்றியபின் அது பரவலாயிற்று. இயந்திரமும் மின்சாரமும் இன்றி, தூய்மையான மூலையொன்றும் பைகளும் இருந்தால் எங்கும் செல்லலாம் என்னும் நிலை ஏற்பட்டது. எனினும் கிருமித்தொற்று என்னும் ஆபத்தும், நாள்தோறும் பல லீற்றர் திரவத்தைச் சுமந்து செல்லவேண்டிய சிரமமும் அதற்குரிய விலையாயின.

கருவி மட்டுமே பயணத்தைத் தருவதில்லை. 1972 இல் நிறைவேறிய சட்டமொன்றினால் அமெரிக்க அரசு சிறுநீரகச் செயலிழப்புக்கான செலவை ஏற்றது. செலவு நிலையத்தைவிட்டு நோயாளியைப் பின்தொடரத் தொடங்கியமையால், ஓர் ஊரின் நோயாளி இன்னோர் ஊரின் நிலையத்திலும் சிகிச்சை பெறமுடிந்தது. மறுபுறத்தில் 1969 - 70 இல் எடின்பரோவிலே ஈரலழற்சி பரவி நோயாளரையும் வைத்தியசாலை ஊழியரையும் பலிகொண்டது. அதன்பின் வெளியூரிலிருந்து வரும் நோயாளியை நிலையங்கள் அச்சத்தோடு நோக்கின. இன்றும் பயணஞ்செய்ய விரும்பும் நோயாளி, புறப்படுமுன் தமது குருதிப் பரிசோதனை முடிவுகளைச் செல்லுமிடத்து நிலையத்திற்கு அனுப்பி, ஒரு கதிரையை ஒதுக்கிக்கொள்ள வேண்டியுள்ளது. கடவுச்சீட்டுக்கு மேலாக இன்னொரு கடவுச்சீட்டு அது.

இரு தலைவர்கள், இரு பயணங்கள்

பாரதத்தின் அண்மைக்கால வரலாற்றில் இந்நோயோடு பயணஞ்செய்த தலைவர் இருவரை ஒப்புநோக்குதல் பயனுடையது.

முதலாமவர் ஜெயப்பிரகாஷ் நாராயணன். 1975 யூன் 26 அன்று அவசரகாலநிலையின்போது கைதுசெய்யப்பட்ட அவர், சிறுநீரகங்கள் கெட்ட நிலையில் நவெம்பரில் விடுவிக்கப்பட்டார். பம்பாயின் ஜஸ்லோக் வைத்தியசாலையில் அவருக்குச் சுத்திகரிப்புச் சிகிச்சை தொடங்கிற்று. அவரைப் பராமரித்தவர் எம். கே. மணி. பின்னர் சென்னையிலே நெடுங்காலம் பணியாற்றிய தமிழ் மருத்துவர் அவர். பட்னாவிலுள்ள தமது இல்லத்திற்கு ஜெயப்பிரகாஷ் திரும்பவேண்டுமாயின் அங்கே இயந்திரம் ஒன்று வேண்டும். அதற்காகப் பொதுமக்களிடம் சிறு சிறு தொகைகளாகப் பணம் திரட்டப்பட்டது. பிரதமர் இந்திரா காந்தி தமது நிவாரண நிதியிலிருந்து 90,000 ரூபா அனுப்பினார். ஜெயப்பிரகாஷ் அதனை ஏற்காது திருப்பியனுப்பினார். தமது கயிற்றின் நீளம் எவருடைய கொடையால் அமையவேண்டும் என்பதையும் ஓர் அரசியல் வினாவாக அவர் கருதினார் எனக் கொள்ளலாம்.

1977 தேர்தல் அறிவிக்கப்பட்டபோது, வாரந்தோறும் இயந்திரத்திடம் திரும்பவேண்டிய எழுபத்துநான்கு வயது முதியவராகவே அவர் மேடையேறினார். அவ்வாண்டு பெப்ரவரி 6 அன்று தில்லி ராம்லீலா மைதானத்திலே பெருங்கூட்டத்தின் முன் பேசினார். மார்ச்சில் ஆட்சி மாறிற்று. ஒரு நாட்டின் தலைவிதியை மாற்றிய தேர்தலொன்றின் கால அட்டவணையுள் ஒரு மனிதனின் சுத்திகரிப்பு நாட்களும் அடங்கியிருந்தன. 1979 ஒக்ரோபர் 8 இல் பட்னாவிலே, தமது வீட்டிலேயே அவர் காலமானார்.

இரண்டாமவர் எம். ஜி. இராமச்சந்திரன். 1917 இல் நமது நாட்டின் நாவலப்பிட்டியிற் பிறந்த அவர், தமிழ்நாட்டின் முதலமைச்சராயிருக்கையில் 1984 ஒக்ரோபர் 5 இல் சிறுநீரகச் செயலிழப்போடு சென்னை அப்பல்லோ வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். நவெம்பர் 5 இல் மருத்துவ வசதிகள் பொருத்தப்பட்ட சிறப்பு விமானத்தில் நியூயோர்க்குக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே புரூக்ளின் வைத்தியசாலையில் அவரைப் பொறுப்பேற்றவர், பயணப்பெட்டிச் சிறுநீரகத்தை ஆக்கிய அதே ஃபிரீட்மன் ஆவார். டிசெம்பரில் தமையனார் சக்கரபாணியின் மகள் வழங்கிய சிறுநீரகம் அவருக்குப் பொருத்தப்பட்டது. அம்மாத இறுதியில் நடைபெற்ற தேர்தலில், தொகுதிக்குச் செல்லாமலே ஆண்டிபட்டியில் வெற்றிபெற்றார். வைத்தியசாலையிலிருந்த அவருடைய உருவம் படச்சுருளாகி ஊரூராகக் காட்டப்பட்டது. 1985 பெப்ரவரி 4 இல் நாடு திரும்பினார். 1987 டிசெம்பர் 24 இல் மறையும்வரை முதலமைச்சராயிருந்தார்.

ஒருவருக்காக மக்களின் நாணயங்கள் இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தன. மற்றவருக்காக விமானமொன்று வைத்தியசாலையாயிற்று. இரு நிகழ்ச்சிகளும் உணர்த்தும் உண்மை ஒன்றே: தூரத்தை வெல்லுதல் இயலாததன்று. அதற்கு எவரோ விலை கொடுக்கவேண்டும். தலைவரல்லாதோர்க்கு அவ்விலையைக் கொடுப்பவர் யாவர்?

நமது நாட்டில் தூரம்

இலங்கையில் இவ்வினாவின் வடிவம் மாறிவிடுகிறது. மேனாட்டு நோயாளி தமது இயந்திரத்தைவிட்டு எவ்வளவு தூரம் செல்லலாம் எனக் கேட்கிறார். நமது நோயாளியோ இயந்திரத்தை அடைவதற்கே எவ்வளவு தூரம் செல்லவேண்டும் எனக் கேட்கிறார்.

1985 இல் கொழும்பிலே பேராசிரியர் ரெஸ்வி ஷெரீப் முதலியோரின் முயற்சியால் இந்நாட்டில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை தொடங்கிற்று. வசதி படைத்தோர் சென்னைக்கும், 1971 இலேயே இச்சிகிச்சையில் வெற்றிகண்ட வேலூருக்கும் கடல்கடந்து சென்றனர். ஏனையோருக்குக் கொழும்பே கதியாயிற்று. ஆனால் கொழும்புக்கு வரும் வழி எப்பொழுதும் திறந்திருக்கவில்லை. வடபகுதிக்கான புகையிரதம் 1990 இல் நின்றது. யாழ்ப்பாணத்தை அது மீண்டும் அடைந்தது 2014 ஒக்ரோபரிலேயே. கண்டி - யாழ்ப்பாண வீதி 2002 இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடுண்டு, யுத்தம் முடிந்த 2009 இன் பின்னரே மீண்டும் திறந்தது. இரண்டு நாட்களுக்கொருமுறை சிகிச்சை வேண்டுவோனுக்கு, அனுமதிச்சீட்டுக்கும் கப்பலுக்கும் காத்திருக்கும் நாட்கள் எத்தகையன என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

இன்று வீதி திறந்துள்ளது. வடக்கிலிருந்தும் வடமத்தியிலிருந்தும் கண்டி வீதி வழியாக வருவோர் களனி கங்கையைக் கடந்ததும் அடையும் இடங்களுள் ஒருகொடவத்தை ஒன்று. சிங்களத்தில் 'ஒருவ' என்பது தோணியைக் குறிக்கும். தோணிகள் கரையேறிய தோட்டம் என இவ்வூர்ப் பெயருக்குப் பொருள்கொள்ள இடமுண்டு. இன்று இங்கே கரையேறுவன கொள்கலன்களும் பாரவண்டிகளுமே. இச்சந்தியிலிருந்து பேஸ்லைன் வீதி வழியே தெமட்டகொடையை நோக்கிச் சென்றால், சற்றுத் தூரத்தில் மாளிகாவத்தையிலுள்ள தேசிய சிறுநீரக நிலையத்தை அடையலாம். விடியற்காலையில் இவ்வீதியிலே பஸ்வண்டியை விட்டிறங்கும் சிலரை அவர்கள் கையிலுள்ள பொருள்களைக் கொண்டே அடையாளங்காணலாம். வைத்தியக் கடதாசிகள் நிறைந்த கோவை, துவாய், சோற்றுப் பொதி, உடன்வந்த உறவினர் ஒருவர். தமிழ்பேசும் நோயாளருட் பலர் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் அல்லது வாடகை அறையில் தங்குகின்றனர். சிகிச்சை இலவசமாயினும், அதனருகே வாழ்தல் இலவசமன்று.

1990 களின் நடுப்பகுதியிலிருந்து இந்நாட்டின் சிறுநீரக நோய்க்குப் புதியதொரு புவியியலும் உண்டாயிற்று. மதவாச்சி, பதவியா முதலிய வடமத்திய மாகாணப் பகுதிகளில், நீரிழிவோ உயர்குருதியமுக்கமோ இல்லாத உழவரிடையே இந்நோய் பரவக் காணப்பட்டது. வவுனியா முதலான அயற்பகுதிகளும் தப்பவில்லை. காரணம் இன்றுவரை ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. மிகிந்தலையில் ஒன்பதாம் நூற்றாண்டு வைத்தியசாலையின் இடிபாடுகளிடையே, நோயாளியைக் கிடத்தி மருந்திலூறச் செய்த கற்றொட்டி இன்றும் உள்ளது. ஆயிரமாண்டுகளுக்கு முன் வைத்தியசாலையை ஊருக்கு அண்மையிலே கொண்டிருந்த அதே இராசரட்டையின் உழவன், இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே சிகிச்சைக்காக நெடுந்தூரம் அலையவேண்டியவனானான்.

எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். வீட்டிலிருந்து 60 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வைத்தியசாலைக்கு வாரம் இருமுறை செல்பவர், ஓராண்டில் 104 முறை போய்வருகிறார். மொத்தத் தூரம் 12,480 கிலோமீற்றர். மூன்றேகால் ஆண்டுகளில் பூமியின் சுற்றளவுக்குச் சமமான தூரத்தை அவர் கடந்துவிடுகிறார். ஆனால் அவர் கண்டது ஒரே வீதி. உலகைச் சுற்றிவந்த தூரம் சென்றும், அடுத்த மாவட்டத்துக் கோயிலுக்கு அவரால் போகமுடிவதில்லை.

இத்தகைய வாழ்வு எவ்வளவு மெல்லிய நூலிற் தொங்குகிறது என்பதை அண்மைய ஆண்டுகள் காட்டின. 2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோதும், 2022 இல் எரிபொருள் அற்றுப்போய் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோதும் ஏனையோர் பயணத்தை ஒத்திவைத்தனர். இவர்களால் ஒத்திவைக்க முடியவில்லை. முச்சக்கரவண்டிக்குப் பெற்றோல் இல்லை என்பது இவர்களைப் பொறுத்தவரை ஒரு மருத்துவச் செய்தியாயிற்று.

மாற்றங்களும் நிகழாமலில்லை. மாவட்ட வைத்தியசாலைகள் பலவற்றில் இன்று சுத்திகரிப்பு வசதி உண்டு. 2021 யூனில் சீன நாட்டின் உதவியோடு பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கான பெரிய வைத்தியசாலையொன்று திறக்கப்பட்டது. இந்தியாவிலும் மாவட்ட வைத்தியசாலைகளிற் சுத்திகரிப்பு வசதியை ஏற்படுத்தும் தேசியத் திட்டம் 2016 இல் அறிவிக்கப்பட்டது. நோயாளியை நோக்கி இயந்திரம் நகரவேண்டும் என்னும் கொள்கை இவற்றில் ஏற்கப்பட்டுள்ளது.

பயணம் ஆடம்பரமா?

அடிப்படைச் சிகிச்சையே போதாத நாட்டில் நோயாளியின் பயணத்தைப் பற்றிப் பேசுதல் ஆடம்பரமன்றோ எனச் சிலர் வினவக்கூடும். மேனாட்டில் இத்தகைய பயணம் பெரும்பாலும் விடுமுறைப் பயணமாகையால் இவ்வையம் எழுவது இயல்பே. ஆனால் நமது சமூகத்திற் பயணம் என்பது பெரும்பாலும் கடமையாகும். உடன்பிறந்தான் இறந்தால் போகவேண்டும். முப்பத்தோராம் நாளுக்குப் போகவேண்டும். பேத்தியின் திருமணத்துக்குப் போகவேண்டும். நல்லூர்த் தேருக்கோ மடுமாதா திருவிழாவுக்கோ நேர்ந்துகொண்டால் போகவேண்டும். இவற்றுக்குச் செல்லாதவன் உயிரோடிருந்தும் உறவிலிருந்து சிறிது சிறிதாக நீங்கிவிடுகிறான். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிகிச்சை பெறும் நம்மவர் சிலர், மாதங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்து, கொழும்பிலுள்ள தனியார் நிலையங்களிற் பணம் செலுத்தி, இடையிடையே சுத்திகரித்துக்கொண்டு ஊர்பார்த்துத் திரும்புகின்றனர். கடல்கடந்து வருபவருக்குக் கூடுமான இக்காரியம், வவுனியாவிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்ல விரும்பும் ஏழைக்குக் கூடாததாயிருத்தல் முறையாகுமா?

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மாவட்டந்தோறும் உள்ள நிலையங்களில் வாரத்திற்குச் சில மணித்தியாலங்களை வெளியூர் நோயாளருக்கென ஒதுக்கலாம். நோயாளியின் சிகிச்சை விபரங்களையும் குருதிப் பரிசோதனை முடிவுகளையும் எல்லா அரச நிலையங்களும் ஏற்கக்கூடிய ஒரே ஏட்டில், மூன்று மொழிகளிலும் பதிந்து அவரிடமே கொடுக்கலாம். சிகிச்சைக்குச் செல்வோருக்குப் பஸ்வண்டியில் இருக்கையும் கட்டணச் சலுகையும் வழங்கலாம். ஊரடங்கும் எரிபொருள் பங்கீடும் வருங்காலங்களில் இவர்களுக்குரிய விதியை முன்கூட்டியே எழுதிவைக்கலாம்.

எத்தனை இயந்திரங்கள் உள்ளன, எத்தனைபேர் சிகிச்சை பெறுகின்றனர் என்னும் எண்ணிக்கைகளே நமது அறிக்கைகளில் இடம்பெறுகின்றன. அவற்றோடு ஒவ்வொரு நோயாளியும் ஆண்டொன்றுக்கு எத்தனை கிலோமீற்றர் செல்கிறார் என்பதையும், அவற்றுள் அவர் தாமாக விரும்பிச் சென்ற தூரம் எவ்வளவு என்பதையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். சியாற்றிலின் எழுவர் குழு வசிப்பிடத்தைக் கேட்டு உயிரைத் தீர்மானித்து அறுபதாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அக்குழு மறைந்துவிட்டது. அது கேட்ட கேள்வி நமது வீதிகளில் இன்றும் கேட்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.